15,000 கருவிகள்... யாருடையவை?

2024 ஜனவரி 22. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு தச்சரின் வேனை உடைத்து, உள்ளே இருந்த கருவிகளை யாரோ அள்ளிப் போயிருந்தார்கள். அவருக்கு அது முதல் அனுபவம் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை பறிகொடுத்து வெறுத்துப்போனவர், இந்த முறை பெரிய கருவிகள் சிலவற்றுக்குள் ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக்கை ஒளித்து வைத்திருந்தார். சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ள விற்கும் சின்ன வில்லை அது. செல்போனை எடுத்துப் பார்த்தால், பக்கத்து மாநிலமான மேரிலாண்டில், ஹோவர்டு கவுண்டியில் ஒரு வாடகைக் கிடங்கைக் காட்டுகிறது. தேடிப் போய், போலீஸைக் கூப்பிட்டார்.

நீதிமன்ற அனுமதி வாங்கிக் கிடங்கைத் திறந்த போலீஸ், அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனது. ஒன்றல்ல, 12 இடங்கள். அத்தனையிலும் சேர்த்து சுமார் 15,000 கருவிகள். டிரில்லிங் மிஷின், ரம்பம், கிரைண்டர், ஆணி அடிக்கும் கன் என்று மலை மலையாக. மதிப்பு 30 லட்சம் டாலரிலிருந்து 50 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று போலீஸ் கணக்குப் போட்டது. நம் பணத்தில் 25 கோடி ரூபாய்க்குக் குறையாது. கடைகள், வீடுகள், வேன்கள், கட்டுமான சைட்டுகள் என்று பல மாநிலங்களில் திருடிச் சேர்த்தவை.

செய்தி உலகம் முழுக்கப் பரவியது. ஏர்டேக்கின் சாமர்த்தியத்தை எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கென்னவோ அந்தச் செய்தியின் பின்பாதிதான் முக்கியமாகத் தோன்றியது. அந்த ஜூன் மாதம் போலீஸ் விஷயத்தை வெளியிட்டபோது அவர்களால் அடையாளம் காண முடிந்த உரிமையாளர்கள் சுமார் 80 பேர். மீதிக் கருவிகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டு, ‘உங்களுடையதா பாருங்கள்’ என்று ஊரைக் கேட்க வேண்டியதாயிற்று. மஞ்சள் நிறத்தில் ஆயிரம் டிரில், சிவப்பு நிறத்தில் ஆயிரம் டிரில். அதில் எது தன்னுடையது என்று யார் எப்படிச் சொல்வது? சீரியல் எண்ணை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

ஆக, திருட்டு என்பது இரண்டு கேள்வி. பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அது யாருடையது என்பது மற்றது. ரேடியோ டேக் விற்கும் எல்லோரும் முதல் கேள்விக்கான பதிலைத்தான் விளம்பரம் செய்கிறார்கள். கட்டுமானத் தொழிலில் இந்தத் தொழில்நுட்பம் உருப்படியாகப் பயன்படும் இடம் இரண்டாவது கேள்வி என்பது என் எண்ணம்.

ஏன் டிரில்லிங் மிஷின்?

கார் திருடினால் நம்பர் பிளேட் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது. செல்போன் திருடினால் ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது. பல ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள டிரில்லிங் மிஷினுக்கு இப்படிப் பதிவான எந்தச் சான்றும் இல்லை. யார் கையில் இருக்கிறதோ அவருடையது. கையில் தூக்கிப் போகலாம், பைக்குள் அடங்கும், மறுநாளே பாதி விலைக்கு விற்கலாம், வாங்குகிறவரும் பில் கேட்பதில்லை.

பழைய காலத்து மிஷின்கள் வயரோடு கூடிய கனமான சாமான்கள். மில்வாக்கி நிறுவனம் 2005-ல் லித்தியம் அயனி பேட்டரியில் ஓடும் கருவிகளைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. கருவி இலகுவானது, விலை ஏறியது, ஒரே கம்பெனியின் பேட்டரி அந்தக் கம்பெனியின் பத்துக் கருவிகளுக்குப் பொருந்தியது. வேலைக்கு எவ்வளவு வசதியோ, திருடுகிறவனுக்கும் அவ்வளவு வசதி.

இதில் நட்டம் யாருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனியின் சைட்டில் ஒரு பிரேக்கர் காணாமல் போனால் அது கணக்கில் ஒரு வரி. தனியாளாகத் தொழில் செய்யும் எலெக்ட்ரீஷியனுக்கோ டைல்ஸ் போடுகிறவருக்கோ அது மறுநாள் வேலை இல்லை என்று அர்த்தம். நம் ஊரிலும் கொத்தனார் தன் கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாவற்றையும் சொந்தமாகத்தான் கொண்டுவருவார். தச்சரும் எலெக்ட்ரீஷியனும் தங்கள் கட்டிங் மிஷினைத் தவணையில்கூட வாங்கியிருப்பார்கள். ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்ட சாமான் அது. திருட்டுப் போனால் புகார் கொடுக்கப் போவதற்கு ஒரு நாள் கூலி போகும். போனால் ‘பில் இருக்கா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பிரிட்டனில் இந்தக் கோபம் தெருவுக்கே வந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் அந்நாட்டுத் தொழிலாளர்கள் தங்கள் வேன்களோடு லண்டன் நாடாளுமன்றத்தின் முன்பு திரண்டார்கள். கருவித் திருட்டுக்குத் தண்டனையைக் கடுமையாக்கச் சொல்லி அமாண்டா மார்ட்டின் என்ற எம்.பி. தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பத்து பவுண்டு திருட்டையும், ஒருவரின் பிழைப்புக்கான கருவியைத் திருடுவதையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

மின்சாரம் இல்லாமல் பேசும் வில்லை

ரேடியோ டேக் என்றதும் ஏதோ புது விஷயம் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் அதுதான். ஆர்.எஃப்.ஐ.டி என்பது அதன் தொழில்நுட்பப் பெயர். ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியின் மேலே மாட்டியிருக்கும் ரீடர் ரேடியோ அலையை வீசுகிறது. அந்த அலையிலிருந்தே தனக்குத் தேவையான துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, டேக்கில் இருக்கும் சிப் விழித்துக்கொள்கிறது. பிறகு அதே அலையைத் தன் எண்ணுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துத் திருப்பி அனுப்புகிறது. இருட்டில் டார்ச் அடித்தால் மாட்டின் கண் மின்னுமே, அந்த மாதிரி. கண்ணில் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் நம் டார்ச்சுடையது.

இந்தியாவில் இதற்காக 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை அரசாங்கம் 2005-லேயே உரிமம் தேவையில்லாததாக அறிவித்துவிட்டது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது லட்சக்கணக்கான வண்டிகளில் இந்தச் சிப் ஏறிக்கொண்டது. சுவாரஸ்யம் என்னவென்றால், இதன் முன்னோடிக் கருவி ஒன்றுக்கு 1973-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மாரியோ கார்டுல்லோ, அதை முதலில் நியூயார்க் துறைமுக ஆணையத்திடம் செய்து காட்டியதும் சுங்கம் வசூலிக்கத்தான்.

அதற்கும் முன்னால் போனால் கதை உளவுத் துறைக்குள் நுழைகிறது. 1945-ல் சோவியத் சிறுவர்கள், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதர் அவெரல் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது தூதரின் வீட்டுச் சுவரில் ஏழு வருடம் தொங்கியது. அதற்குள் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. பேட்டரி இல்லை, வயர் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் மட்டும் உயிர் பெற்று, அறையில் பேசுவதைத் திருப்பி அனுப்பும். அதை வடிவமைத்தவர் லெவ் தெரமின், கை படாமலே வாசிக்கும் இசைக்கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1952-ல்தான் அமெரிக்கர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அடுத்தவர் பேச்சைக் களவாடப் பயன்பட்ட தத்துவம், இன்று களவைத் தடுக்க வந்திருக்கிறது.

இந்தப் பேட்டரியில்லா டேக்கின் தூரம் சில மீட்டர்கள்தான். கேட்டைத் தாண்டினால் அதற்குப் பிறகு அது ஊமை. திருடன் அதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போனானா வேலூர் போனானா என்று சொல்லாது. அது வேறு சாதிக் கருவியின் வேலை. ஏர்டேக் போன்றவற்றில் பேட்டரி உண்டு. புளூடூத்தில் விட்டுவிட்டுத் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தில் யாருடைய ஐபோன் இருந்தாலும் அது காதில் வாங்கி, இடத்தோடு சேர்த்து உரிமையாளருக்கு அனுப்பிவிடும். அதாவது ஊரார் போன்கள்தான் அதன் கால்கள். நம் ஊரில் ஆண்ட்ராய்டு போன்களே அதிகம் என்பதால், கூகுளின் வலைப்பின்னலில் ஓடும் டேக்குகள்தான் இங்கே பொருத்தம். 2024 டிசம்பரில் ஜியோ நிறுவனம் 1,499 ரூபாய்க்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. பதினைந்தாயிரம் ரூபாய் மிஷினுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ரசமட்டத்துக்குக் கட்டாது.

இரும்பு என்ற எதிரி

துணிக்கடையில் பிரமாதமாக வேலை செய்யும் டேக், கட்டுமான சைட்டில் மண்ணைக் கவ்வுவதற்குக் காரணம் ஒன்றுதான். கருவிகள் உலோகத்தால் ஆனவை. ரேடியோ அலைக்கு உலோகம் சுவர். சாதாரண ஸ்டிக்கர் டேக்கை ஒரு ஸ்பேனரின் மீது ஒட்டினால், உலோகம் அதன் ஆன்டெனாவின் சுருதியையே கலைத்துவிடும். ரீடரை மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாலும் பதில் வராது. அதனால் உலோகத்துக்கென்றே தனி டேக் செய்கிறார்கள். நடுவில் பீங்கானோ நுரையோ வைத்து, ஆன்டெனாவை உலோகப் பரப்பிலிருந்து கொஞ்சம் தூக்கிவிடுவது அதன் சூட்சுமம். ஸ்டிக்கரைவிட விலை பல மடங்கு.

அதை எங்கே பொருத்துவது என்பது அடுத்த தலைவலி. கான்கிரீட் வைப்ரேட்டர் தன்னையே உலுக்கிக்கொள்ளும் மிஷின். பிரேக்கரின் அதிர்ச்சியில் நட்டே கழன்றுவிடும். சிமெண்ட் பால், டீசல், ஆயில், வெயில். எல்லாவற்றையும் தாங்கி டேக் அங்கேயே இருக்க வேண்டும். வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினால் திருடன் பிய்த்து எறிந்துவிடுவான். பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் பதித்தால் மிஷினைப் பிரிக்க வேண்டும், வாரன்டி போய்விடும். அதெல்லாம் போகட்டும், திருடன் மிஷினை ஓர் இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டால் போதும். கேட்டில் இருக்கும் ரீடருக்கு எதுவும் கேட்காது. இரும்பு டிரம்மும் தகர ஷெட்டும் நிறைந்த சைட்டில் அதைச் செய்வதற்குப் பெரிய மூளை தேவையில்லை.

ஆக, கேட்டில் ரீடரை மாட்டிவிட்டுத் திருட்டு நின்றுவிடும் என்று காத்திருப்பது வீண். ஆனால் அதே தொழில்நுட்பம் அசத்துகிற இடம் ஒன்று உண்டு. அது ஸ்டோர் ரூம். கையில் பிடிக்கிற ரீடரோடு ஸ்டோருக்குள் ஒரு நடை போய்வந்தால், ரேக்கில் கிடக்கும் நூற்றுக்கணக்கான சாமான்களையும் ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளாமல் படித்துவிடும். கையால் எண்ணினால் அரை நாள். அதனால் எண்ணுவதே இல்லை. எண்ணாத இடத்தில், காணாமல் போனது தெரிவதற்குள் மாதம் ஒன்று ஓடிவிடுகிறது.

ஃபோர்டு செய்த பரிசோதனை

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் இதை 2008-லேயே புரிந்துகொண்டிருந்தது. அந்த வருடம் சிகாகோ வாகனக் கண்காட்சியில் ‘டூல் லிங்க்’ என்ற வசதியை அறிமுகப்படுத்தினார்கள். டீவால்ட் என்ற கருவிக் கம்பெனியும், எம்.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய திங்மேஜிக் என்ற ஆர்.எஃப்.ஐ.டி நிறுவனமும் கூட்டு. பிக்கப் டிரக்கின் பின்பெட்டியில் ஆன்டெனாக்கள். ஒவ்வொரு கருவியிலும் டேக். வேலை முடிந்து வண்டியைக் கிளப்பும்போது டேஷ்போர்டில் இருக்கும் திரை, ‘ரம்பம் ஏறவில்லை, லெவல் ஏறவில்லை’ என்று பட்டியல் போடும்.

திருடனைப் பிடிப்பதாக அவர்கள் மார்தட்டவில்லை. மறந்துவிட்டு வராதே என்பதுதான் முதல் வாக்குறுதி. கட்டுமானத்தில் ‘காணோம்’ என்று எழுதப்படும் சாமான்களில் எத்தனை உண்மையில் திருட்டுப் போனவை, எத்தனை பக்கத்து கான்ட்ராக்டரின் சாமானோடு கலந்தவை, எத்தனை மூன்றாவது மாடியில் பலகைக்கு அடியில் கிடப்பவை என்பது யாருக்கும் தெரியாது. டேக்கின் முதல் உபயோகம் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது. டூல் லிங்க் காலத்துக்கு முந்திய சரக்கு; சில வருடங்களில் சந்தையிலிருந்து மறைந்துவிட்டது. அதன் புத்தி மட்டும் தங்கிவிட்டது.

2015-ல் மில்வாக்கி ‘ஒன்-கீ’ என்ற பெயரில் புளூடூத்தைக் கருவிக்குள்ளேயே வைத்தது. தொலைந்த கருவியைச் செயலியில் குறித்து வைத்தால், அது அருகில் வரும்போது பூட்டவும் முடியும். ஹில்டி, டீவால்ட் எல்லாம் இதே வழியில் வந்தன. இவற்றை வாங்குபவர்கள் பெரும்பாலும் நூறு, ஆயிரம் கருவி வைத்திருக்கும் கம்பெனிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளவே ஆள் வைத்திருப்பார்கள்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான யோசனை கடைக்காரர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் ஹோம் டிப்போ 2021-ல், கல்லாவில் பணம் கட்டும்போது உயிர் கொடுத்தால் மட்டுமே ஓடும் கருவிகளை விற்பது பற்றி அறிவித்தது. அதன் போட்டியாளரான லோவ்ஸ் 2022 டிசம்பரில் ‘புராஜெக்ட் அன்லாக்’ என்று ஒன்றைச் சொன்னது. கருவிக்குள்ளே தொழிற்சாலையிலேயே ஆர்.எஃப்.ஐ.டி சிப். கல்லாவில் ஸ்கேன் செய்தால்தான் மிஷின் ஓடும். அது எப்போது, எங்கே விற்கப்பட்டது என்பது யாரும் பார்க்கக்கூடிய, யாரும் திருத்த முடியாத மின்னணுப் பதிவேட்டில் ஏறிவிடும். ரேக்கிலிருந்து திருடினால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் கட்டை.

இந்த ஏற்பாட்டில் டேக் யாரையும் துரத்தவில்லை. இது முறையாக விற்ற சாமானா என்று கேட்டால் பதில் சொல்கிறது, அவ்வளவுதான். திருடுகிறவனைப் பிடிப்பதைவிட, திருடியதை வாங்குகிறவனுக்கு அது உபயோகப்படாமல் செய்வது சுலபம். ஆனால் இது காப்பது கடையை. விற்று, ஓட ஆரம்பித்த பிறகு வேனிலிருந்து திருடினால் அந்தப் பூட்டு உதவாது. பதிவேட்டில் வாங்கியவரின் பெயரும் சேர்ந்தால்தான் தொழிலாளிக்குப் பிரயோஜனம்.

பிரிட்டனின் முக்கோணம்

பெரிய மிஷின்கள் விஷயத்தில் பிரிட்டன் இதை ஓரளவு சாதித்துவிட்டது. ஜே.சி.பி. மாதிரி வண்டிகளில் அங்கே ஒரு காலத்தில் பல மாடல்களுக்கு ஒரே சாவிதான். நம்பர் பிளேட்டும் கட்டாயமில்லை. 2007-ல் அந்நாட்டுக் கட்டுமானக் கருவிகள் சங்கம் ‘சீசர்’ என்ற பதிவுத் திட்டத்தைத் தொடங்கியது. மிஷினின் வெளியே முக்கோண வடிவத்தில் எண் தகடு. உள்ளே கண்ணுக்குப் படாத இடங்களில் ரேடியோ டேக்குகளும், எண் பொறித்த நுண்புள்ளிகளும். திருடன் தகட்டைப் பிய்த்துவிடலாம். உள்ளே எத்தனை இருக்கின்றன, எங்கே இருக்கின்றன என்று அவனுக்குத் தெரியாது. போலீஸ் ரீடரை வைத்துத் தடவினால் எண் வரும், எண்ணைத் தட்டினால் உரிமையாளர் பெயர் வரும்.

2023-ல் கருவித் திருட்டுத் தடுப்புச் சட்டம் ஒன்றையும் நிறைவேற்றினார்கள். புதிதாக விற்கும் பண்ணை வண்டிகளில் திருட முடியாதபடி பூட்டும் ஏற்பாடும், அடையாளக் குறியும் வேண்டும் என்பது அதன் மையம். கை மிஷின்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்பது வேன்களோடு திரண்ட தொழிலாளர்கள் தரப்பின் கோரிக்கை. பெரிய மிஷினுக்கு ஏற்பட்ட நியாயம் சின்ன மிஷினுக்கு ஏன் எட்டவில்லை என்றால், பெரிய மிஷின் வைத்திருப்பவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனி இருக்கிறது. சின்ன மிஷின்காரர் தனி ஆள்.

திருடனுக்கும் தகவல் போகும்

ஏர்டேக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2021 ஏப்ரலில் அது விற்பனைக்கு வந்த சூட்டோடு, பெண்களின் பைக்குள் ரகசியமாகப் போட்டு அவர்களைப் பின்தொடர ஆரம்பித்தார்கள் சில கயவர்கள். அதனால், தெரியாத டேக் ஒன்று உங்களோடு பயணம் செய்கிறது என்று போனில் எச்சரிக்கும் வசதியைப் பலப்படுத்தினார்கள். 2024 மே மாதம் ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து எல்லாப் போன்களுக்கும் பொதுவாக அந்த எச்சரிக்கையைக் கொண்டுவந்தன. செய்ய வேண்டிய காரியம், குறை சொல்ல முடியாது. விளைவு, உங்கள் மிஷினைத் தூக்கிப் போகிற திருடனின் போனிலும் அதே எச்சரிக்கை வரும். தேடி எடுத்து ஜன்னல் வழியே வீசிவிட்டுப் போவான். வர்ஜீனியா தச்சருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்கும் என்று நம்பிக் காசைப் போடாதீர்கள். அப்படியே இடம் தெரிந்தாலும் நீங்களே போய்க் கதவைத் தட்டுவது ஆபத்து. அவர் போலீஸைக் கூப்பிட்டது நல்ல முன்மாதிரி.

சந்தேகம் யார் மேல்?

நம் ஊர் சைட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் முதலில் யார் முகத்தைப் பார்ப்பார்கள்? வாட்ச்மேன். சைட்டிலேயே தகர ஷெட்டில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர். அடுத்தது வடமாநிலத் தொழிலாளர்கள். மொழி தெரியாது, எதிர்த்துப் பேச முடியாது. மேஸ்திரி சம்பளத்தில் பிடித்துக்கொள்வார், விவகாரம் முடிந்தது. சாமான் பக்கத்து பிளாக்கில் கிடந்து ஒரு வாரம் கழித்துக் கிடைத்தாலும் பிடித்த பணம் திரும்பி வராது.

1936-ம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே இந்தப் பிடித்தத்தைப் பற்றிப் பேசியிருந்தது. தொழிலாளியிடம் தனியாக ஒப்படைத்த பொருள், அவருடைய கவனக்குறைவால் தொலைந்தால் மட்டுமே பிடித்தம் செய்யலாம் என்றது அது. அதுவும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். ‘ஒப்படைத்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருளை அவரிடம் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். பழைய தொழிற்சாலைகளில் எண் அடித்த பித்தளை டோக்கன் கொடுத்துக் கருவி வாங்கும் வழக்கம் இருந்தது. கருவி தொங்கும் ஆணியில் உங்கள் டோக்கன் தொங்கும். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் வந்துவிடும். நாலு பேர் பார்க்க நடக்கும் கணக்கு. நம் சைட்டுகளில் அந்த இடத்தில் இருப்பது, ஸ்டோர் கீப்பர் சாயங்காலம் நினைவிலிருந்து நிரப்பும் ஒரு நோட்டு.

டேக் அந்தச் சான்றை இரண்டு பக்கத்துக்கும் தர முடியும். காலை 9 மணிக்கு எடுத்தார், மாலை 5.40-க்குத் திருப்பி வைத்தார் என்று பதிவாகியிருந்தால் அதற்கு மேல் வாட்ச்மேனை யாரும் மிரட்ட முடியாது. அதே டேக்கைத் தொழிலாளியின் ஹெல்மெட்டில் வைத்து, எத்தனை முறை பாத்ரூம் போனார் என்று எண்ணவும் முடியும். முதலாளிகளுக்கு இந்த ஆசை வராது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. எனவே கருவிக்கு டேக் ஒட்டும்போதே, பதிவுகளைத் தொழிலாளியும் பார்க்கலாம் என்ற ஏற்பாடும் வேண்டும். இல்லையென்றால் ஸ்டோர் நோட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் வந்ததைத் தவிர ஒன்றும் மாறாது.

சட்டத்தின் இன்னொரு மூலையையும் பார்த்துவிடலாம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி, 5,000 ரூபாய்க்கும் குறைவான பொருளை முதல் முறையாகத் திருடித் தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவைதான். பசிக்காகத் திருடியவரைச் சிறையில் தள்ளாத நல்ல மாற்றம். கவனிக்க வேண்டியது 317-வது பிரிவு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம் என்கிறது. காயலான் கடைக்காரருக்கும், செகண்ட் ஹேண்ட் மிஷின் கடைக்காரருக்கும் அது தெரியாதா என்ன? ஆனால் ‘எனக்குத் தெரியாது சார்’ என்பதை உடைக்க, சாமானிலேயே ஏதாவது எழுதியிருக்க வேண்டும்.

இங்கே எங்கிருந்து தொடங்கலாம்?

தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு என் யோசனை ரொம்ப எளியது. மிஷினின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து உங்கள் வாட்ஸ்அப்பிலேயே போட்டு வையுங்கள். கைப்பிடியில் சூடான கம்பியால் பெயரை எழுதுங்கள். அதற்குப் பிறகு வசதி இருந்தால் விலை கூடிய ஒரு மிஷினுக்கு மட்டும் புளூடூத் டேக் வாங்கி உள்ளே ஒளியுங்கள். வரிசையை மாற்றினால் ஹோவர்டு கவுண்டி போலீஸின் இணையப் பக்கத்தில் கிடந்த அநாதை டிரில்களின் கதிதான்.

ஆர்.எஃப்.ஐ.டி முதலில் காலூன்றக்கூடிய இடம் என்று எனக்குத் தோன்றுவது மல்டி ஸ்டோரி சைட்டுகள் அல்ல. வாடகைக் கடைகள். சென்னையோ கோவையோ மதுரையோ, புறநகர்ச் சாலை எதில் போனாலும் சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, மிக்சர், வைப்ரேட்டர் வாடகைக்கு விடும் கடை ஒன்று கண்ணில் படும். அவர்கள் தினமும் எண்ணியே ஆக வேண்டியவர்கள். கொடுத்தது நாற்பது, வந்தது முப்பத்தெட்டு, ‘நான் நாற்பதும் ஏத்திவிட்டேனே’ என்று மேஸ்திரி சொல்வார். இரண்டு தகடு யார் தலையில் என்று அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். அடையாளத்துக்காகத் தகட்டில் பெயின்ட் அடித்தும், முதலெழுத்தை வெல்டிங் வைத்தும் அவர்கள் ஏற்கெனவே டேக் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ரேடியோ இல்லாத டேக். கடை வாசலிலேயே ஒவ்வொன்றையும் ரீடரால் தொட்டு ஏற்றி, தொட்டு இறக்கினால், இரும்பும் இடைவெளியும் பிரச்சினையாகாது; ரீடர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தகடுகளில் தொடங்க வேண்டாம். ஒரு தகட்டின் விலைக்கு முன்னால் உலோக டேக்கின் விலை கூடுதல், கான்கிரீட் சுரண்டும் சுத்தியல் அதை ஒரு மாதத்தில் நசுக்கிவிடும். வைப்ரேட்டர், பிரேக்கர், கட்டிங் மிஷின் ஆகியவற்றின் மோட்டார் மூடிக்குள் முதலில் வைத்துப் பார்க்கலாம். ஒரு கடைக்கு அப்படி நாற்பது ஐம்பது மிஷின் இருக்கும். ஒரே ஒரு பிரேக்கர் தப்பினாலும் டேக்குகளுக்குப் போட்ட காசு வந்துவிடும். ரீடரை நாலு கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கி, காணாமல் போன மிஷின்களின் எண்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால், செகண்ட் ஹேண்டில் வாங்க வரும் மிஷினை அங்கேயே சோதித்துவிடலாம்.